எஞ்சின் வாயில் மண்

தவசி மேஸ்திரி அந்த இங்கிலீஷ் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"இதை உனக்கு யாருய்யா குடுத்தது?"

"சண்டை முடிஞ்சு கேம்ப்பைக் காலி பண்றப்ப வெள்ளைக்காரத் தொரை தன் கையால எழுதிக் குடுத்ததுங்க," என்றான் குருநாதன். "எங்கன காட்டினாலும் வேலை கிடைக்கும்னாரு. இங்கன பிளேன் ரிப்பேருக்கு ஆள் எடுக்கிறதாக் கேள்விப்பட்டேன். கடலாடியில இருந்து நடந்தே வாரேன்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"நல்ல வேலைக்காரன்னு எழுதியிருக்கும்."

மேஸ்திரி எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "குருநாதன் சுறுசுறுப்பான ஆள். நாங்கள் விட்டுப் போகும் விமானம் இனி எந்தக் காலத்திலும் ஓடாதபடி, அதன் எஞ்சினுக்குள் தன் கையாலேயே மூன்று வாளி மணல் கொட்டியிருக்கிறான்."

திடலில் வேலையாக இருந்த கூலியாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பத்தெட்டாம் வருஷம் அது. உச்சிப்புளிப் பக்கம் உடைமரக் காட்டுக்குள் கிடந்த அந்த ஒற்றை எஞ்சின் சண்டை விமானத்தைத் திரும்பப் பறக்க வைக்கத்தான் மேஸ்திரி மூன்று மாதமாகப் பாடுபட்டார். ரெக்கைக்குள் கூடு கட்டிய குளவிகளை விரட்டினார். வாலில் போர்த்தியிருந்த துணியை வெள்ளாடுகள் தின்றுபோட்டிருந்தன; அதைப் புதிதாக இழுத்துத் தைத்தார். (வாலையே தின்றதாகச் சொல்வோரும் உண்டு. நான் துணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

எஞ்சின் ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேண்டிய சாமான் நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கியது; அதனால் அதை இன்னும் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சர்க்கார் ஆபீசர் வருகிறார். அன்றைக்கு எஞ்சின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் விமானம் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். அதை எடுக்கப் போகிற சேதுராமன், லாரியோடும் நாலு சம்மட்டி ஆட்களோடும் இப்போதே வந்து ரெக்கை நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு போட்டியாய்யா?" என்றார் மேஸ்திரி.

குருநாதன் சுற்றிலும் பார்த்தான். நின்ற கூலியாட்கள் எல்லாரும் கடலாடி, கமுதிப் பக்கத்து ஆட்கள். தெரிந்த முகங்கள்.

"போட்டேங்க. மூணு வாளி."

"அடப்பாவி! போட்டதும் போட்டு, அதே பிளேனை ரிப்பேர் பண்ண வேலை கேட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"ஏன் மேஸ்திரி கோவிக்கிறீக?" சேதுராமன் சிரித்தார். "கெடுத்தவனுக்குத்தானே எங்கன கெடுத்தோம்னு தெரியும்? வச்சுக்கங்க."

"ஏலே குருநாதா, எங்க ஊரு பஸ்ஸுப் பக்கம் மட்டும் வந்துராதலே!" என்றான் ஒருத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. மணல் போன எஞ்சின் உள்ளே மாவாக அரைபட்டிருக்கும். மாற்று எஞ்சினுக்கு அவர் எழுதாத ஊரில்லை, எங்கும் கிடைக்கவில்லை.

"எடுத்துக்கங்க, சேதுராமன்," என்றார். "இனி என்னால ஆகாது."

சம்மட்டி ஆட்கள் எழுந்தார்கள். குருநாதன் ஓடிப்போய் விமானத்துக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"அய்யா! உடைக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா பிரிச்சுப் பாத்துருங்க."

"எதுக்கு? நீ போட்ட மண்ணு பத்திரமா இருக்கான்னு பாக்கவா?"

"அதுக்கப்புறம் ரெண்டு மழை பேஞ்சிருக்குங்கய்யா. கரைஞ்சு போயிருக்கலாமுல்ல?"

"மண்ணு கரையுமாய்யா?"

"பாத்தாத்தானே தெரியும். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு ஸ்பானரோடு ஏணியில் ஏறினார். எண்ணெய்ச் சல்லடையைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அடித்தட்டைக் கழற்றி விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் எண்ணெயைத் தொட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தார். ஒரு நறநறப்பு இல்லை.

"ஒரு பொட்டு மண்ணுகூட இல்லையே!"

"பாத்தீகளா, கரைஞ்சிருச்சு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான் குருநாதன்.

கூலியாட்களும் தலையாட்டினார்கள். நல்ல மழைதான் அது என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. கறுப்பாகப் புகை கக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டு முழங்கியது. அந்தக் காற்றில் சேதுராமனின் தலைத்துண்டு ஏர்வாடியில் போய் விழுந்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போயிருக்காது. பாதி வழியில் விழுந்திருக்கும். மத்தியானம் விமானம் திடலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. ஆபீசர் கையெழுத்துப் போட்டார். சேதுராமனின் லாரி வெறும் லாரியாகக் கிளம்பியது.

மேஸ்திரி நீளமாக மூச்சு விட்டார். நேரே போய்க் குருநாதனைக் கட்டிக்கொண்டார்.

"யோவ், நிசத்தைச் சொல்லு. அந்த மண்ணை எங்கனய்யா கொட்டினே?"

குருநாதன் அவர் கையைப் பிடித்து ஓர் உடைமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"அன்னிக்குக் கடல்காத்து பலமா அடிச்சுச்சு. தொரைக்குச் சுருட்டு பத்தவே இல்ல. அவரு அந்தப் பக்கம் திரும்பி நின்னு தீக்குச்சி உரசி முடிக்கிறதுக்குள்ள மூணு வாளியையும் தரையில கவுத்துட்டேன். நல்லா ஓடுன மிஷினுங்கய்யா. அது வாயில மண்ணள்ளிப் போட எப்படிக் கை வரும்?"

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே! அத்தனை பேரு முன்னாடியும் போட்டேன் போட்டேன்னு ஏன்யா ஏச்சு வாங்கினே?"

குருநாதன் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினான்.

"மெள்ளப் பேசுங்கய்யா! சொன்ன வேலையைச் செய்யாத பயன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்னைய நம்பி வேலைக்குக் கூப்பிடுவான்?"