ஒரே வரன், இரண்டு வரி

மூன்றாவது முறையும் சௌந்தரராஜன் இரண்டு தடவை வந்தான்.

ஜலஜா திரையிலிருந்து கண்ணை எடுத்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். ‘செலக்ட் டிஸ்டிங்க்ட்’: ஒரே மாதிரி வரிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றை மட்டும் காட்டு. சரியாகத்தான் எழுதியிருந்தாள். இருந்தாலும் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

கரியாஹாட் பேட்டையில் போய்வந்த மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவளுக்குக் கிடைத்த முதல் நிஜ வேலை இது. தமிழ்ச் சங்கம் ஒன்றின் வரன் பதிவேட்டை நாலு பேர் பிரித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வரனும் ஒரு தடவை மட்டும் வரும்படி பட்டியல் எடுப்பது அவள் பொறுப்பு. சங்கச் செயலாளர் ஜம்புநாதன் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தார்.

"சீக்கிரம்மா. ஏழரைக்கு லோட்ஷெட்டிங்னு கரண்டை நிறுத்திடுவான். அப்புறம் உன் கம்ப்யூட்டரும் ஒண்ணுதான், என் கைக்குட்டையும் ஒண்ணுதான்."

சௌந்தரராஜன் யாரோ அல்ல. டாக்குரியாவில் பேங்க் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறவன். அவள் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். அதைச் சொல்லியே நாலு வரன்கள் கைநழுவிப் போயின. இவனுக்கும் தோஷம் உண்டு என்பதால்தான் பேச்சு இவ்வளவு தூரம் வந்தது.

இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண், எல்லாம் ஒன்று. ஜாதக விவரம் இருந்த கடைசிப் பத்தி மட்டும் வேறு. முதல் வரியில் ‘செவ்வாய் உண்டு’. அடுத்ததில் ‘இல்லை’.

குடித்து முடித்த காப்பியின் அடியில் பல்லியைக் கண்டது போலிருந்தது. எந்த வீட்டில் எது செல்லுமோ அதை எடுத்து நீட்டியிருக்கிறார்கள் அவன் வீட்டார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு ஜாதகம், மாமா. தூ, என்ன மனுஷா இவா. பேரையே அடிச்சுடலாம்."

ஜம்புநாதன் திரையைப் பார்க்கவில்லை. "பொண்ணுகள் பட்டியலையும் போட்டுப் பாரேன். அடிக்கறதை மொத்தமா அடிச்சுடலாம்."

கட்டளையில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டாள். வரிகள் மேலேறின. அறுபதாவது வரியைத் தாண்டியதும் அவள் விரல் நின்றது.

ஒரே பெயர், அடுத்தடுத்து இரண்டு வரி: ஒன்றில் ‘செவ்வாய் உண்டு’, மற்றதில் ‘இல்லை’. இந்த முறை கட்டளையில் தப்பில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"என்னம்மா, யாரையாவது அடிக்கணுமா?"

"இல்லை மாமா. நான்தான் தப்பா எழுதிட்டேன். செவ்வாயைச் சேர்த்திருக்கப்படாது."

கடைசிப் பத்தியை விட்டுவிட்டு இரண்டு பட்டியலையும் மறுபடி ஓட்டினாள்.

ஆண்களில் சௌந்தரராஜன் ஒரே தடவை வந்தான். பெண்களில் ஜலஜாவும் ஒரே தடவைதான் வந்தாள்.