இரண்டு பாதியும்

பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளின் இரைச்சல் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கேட்கிறது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளினூடே சாய்ந்து, தகரத் தட்டில் வரிசையாகக் கிடக்கும் உருளைக் கற்களின் மேல் விழுகிறது. கோலார் தங்கவயலின் அடியாழத்தில் துளைபோட்டு எடுத்தவை. ஒவ்வொன்றையும் நெடுக்காக அறுத்து ஒரு பாதியை ஆராய்ச்சிக்கு எடுப்பார்கள்; மறுபாதி பின்னால் சரிபார்க்க, அதை யாரும் தொடக்கூடாது. இரண்டு ஆதிக் கண்டங்கள் மோதி ஒட்டிய தழும்பு தெரியும் கல் இருந்த இடம் மட்டும் இன்று முழுக்கக் காலி. லூர்துமேரி தட்டின் அந்தக் காலிப் பள்ளத்தில் விரலை வைக்கிறாள்.

"மறுபாதி எங்க சார்?"

"அரைச்சாச்சு," என்கிறார் அவளுடைய சீனியர் கார்த்திகேசன், தலை நிமிராமல். "ஒரு பாதி பத்தலை. கல்லோட வயசு கிடைச்சிடுச்சில்ல, அப்புறம் என்ன?"

"சுரங்கம் பூரா தண்ணி ரொம்பிப்போச்சு. எங்கப்பா இறங்கித் துளைபோட்ட கல்லு. நீங்க சொல்ற வயசு சரியான்னு இனிமே எதை வெச்சுப் பாக்குறது?"

"அதுக்காக உங்கப்பன் வீட்டுக் கல்லா?"

மேசையில் விரித்த காகிதத்தின் மேல் அரைத்த கல்லின் சாம்பல்நிறப் பொடி ஒரு சிட்டிகை மிச்சமிருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். "இதை வேற லேபுக்கு அனுப்புறேன்."

அவர் எழுந்து போய், அவளையே பார்த்துக்கொண்டு, மின்விசிறியின் சுவிட்சைப் போடுகிறார். இறக்கைகள் சோம்பலாகச் சுற்றத் தொடங்குகின்றன. காகிதத்தின் ஓரம் எழும்புகிறது. லூர்துமேரி குனிந்து இரண்டு உள்ளங்கைகளாலும் பொடியைப் பொத்திக்கொள்கிறாள். அவர் ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்புகிறார்.