சுவரில் இடமில்லை

மழை விட்டும் வெளிச்சம் வராத காலை. காப்பிக்கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் யார் செத்தாலும் எதிரே இருக்கும் தேவாலயச் சுவரில்தான் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பை ஒட்டுவார்கள். நசரேனோ பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு, போன மாதம் இறந்த எலியோவின் தாள்மேல் புதுத் தாளை விரிக்கிறான். எலியோவின் மனைவி எர்சீலியா ரொட்டிப் பையோடு ஓடி வருகிறாள். “அடப்பாவி, என் புருஷன் மேல யாரடா ஒட்டுற?” “உங்க கொழுந்தனாரைத்தான் அக்கா. ராத்திரி போயிட்டார்.” “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் முகம் குடுத்துப் பேசலையேடா!” “வேற இடமில்லக்கா.” அவள் சுவரை நெடுகப் பார்க்கிறாள். பிறகு, காற்றில் தூக்கிக்கொள்ளும் தாளின் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறாள். ஈரச் சுவரில் பசை பிடிக்க நேரமாகிறது. அவள் கையை எடுப்பதாக இல்லை.