டிசம்பர் பெண்

பன்னிரண்டு பெண்களும் லவீனாவின் மடியில் இருந்தார்கள். ஓர்பாவிடம் இருந்ததோ ஒன்பது பேர்தான்.

எல்லாம் மாதத்துக்கு ஒருத்தி என்று அச்சடித்த வண்ணப்பட அட்டைகள். வெள்ளை அன்னம் கம்பெனி மாவு ஒரு மூட்டை வாங்கினால் கடைக்காரர் ஓர் அட்டை இலவசமாகத் தருவார். 1887-ல் அந்த ஓஹாயோ ஊர்ப் பெண்கள் அதை மாவுப் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டாமல் விடமாட்டார்கள்.

அந்தக் கடைக்காரர் வேறு யாருமில்லை, ஓர்பாவின் கணவர் எனோக். அவருடைய பெண்டாட்டிக்கே கிடைக்காத டிசம்பர் பெண், வெள்ளை ரோமத் தொப்பியும் சிவந்த கன்னமுமாக, விதவை லவீனாவின் ஆல்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓர்பாவுக்கு வயிறு எரிந்தது.

"டிசம்பர் தீந்துபோச்சுன்னு சொன்னாரே எங்க வீட்டுக்காரர்," என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி.

"கடைசியா ஒண்ணு இருந்துது போல," என்ற லவீனா, ஆல்பத்தைச் சட்டென்று மூடினாள்.

லவீனாவின் வீட்டில் கூடி உட்கார்ந்து மெத்தை விரிப்பு தைக்க வந்திருந்தவர்களில் கிழவி மெஹிட்டபெல் பேச்சை மாற்றினாள். "ஓர்பாவுக்கு அட்டை எதுக்கு? அவ ரொட்டி இருக்கே. ரயில் ரோட்டுல வேலை பாக்கிற எங்க தம்பி, அந்த ரொட்டி இல்லேன்னா மண்வெட்டியையே தொடமாட்டேங்கிறான்."

வேறு நாளாக இருந்தால் ஓர்பா இதை ஒரு வாரம் அசைபோட்டிருப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் எட்டு ரொட்டி சுட்டுச் சனிக்கிழமைக் கடைக்கு அனுப்புவதுதான் அவளுடைய பெருமை. ஞாயிறன்று தேவாலய வாசலில் நாலு பேர் கையைப் பிடித்துப் பாராட்டினால்தான் அவளுக்கு ஜெபமே முடிந்த மாதிரி இருக்கும். இன்றைக்கு அது காதில் ஏறவில்லை. அவள் மனசு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

லவீனா ஒண்டிக்கட்டை. ஒரு மூட்டை மாவு இருந்தால் பனிக்காலம் முழுக்க ஓட்டிவிடுவாள். அப்படியானால் மூட்டை வாங்காமலேதான் அட்டை வந்திருக்கிறது. சும்மாவா வரும்?

சனிக்கிழமை விடியற்காலையில் ரொட்டிக் கூடையை எனோக் அவளைத் தூக்கவே விடுவதில்லை. "கனமா இருக்கு, நான் பாத்துக்கிறேன். நீ படு," என்று பின்சந்து வழியாகப் போய்விடுவார். போன மாதம் மாடி ஜன்னலிலிருந்து அவளே பார்த்தாள். கூடையோடு லவீனாவின் பின்கதவில் நுழைந்தார், கால் மணி நேரம் கழித்துக் கூடையோடு வெளியே வந்து கடைப் பக்கம் நடந்தார். வீட்டில் ரொட்டியைக் காப்பியில் ஊறப்போட்டுத் தலை நிமிராமல் தின்கிற மனுஷர், அங்கிருந்து சீட்டியடித்துக்கொண்டு போனார்.

மற்றவர்கள் கிளம்பினார்கள். ஓர்பா இடத்தை விட்டு அசையவில்லை.

"எத்தனை நாளா நடக்குது லவீனா?"

"எது?"

"எம் புருஷன் சனிக்கிழமை உன் பின்கதவுல நுழையிறது."

லவீனாவின் முகம் வெளுத்தது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம், எனக்குக் கண்ணு இருக்கு. மூட்டை பிரிக்காம எனக்கே ஒரு அட்டை தராத மனுஷன், உனக்கு ஜனவரியிலேருந்து டிசம்பர் வரைக்கும் அள்ளிக் குடுத்திருக்காரு."

"மூட்டைக்கு ஒண்ணுதான் குடுத்தாரு. பன்னண்டு மூட்டையும் பிரிச்சாச்சு."

"ஒரு வயித்துக்குப் பன்னண்டு மூட்டையா? யாரு காதுல பூ சுத்துற?"

"அவருகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் ஓர்பா. கேக்காதே."

சத்தியம் வரைக்கும் போயிருக்கிறது. ஓர்பா எழுந்தாள். தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள்.

"நாளைக்குக் காலையில சின்சினாட்டி ரயில்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். பதினாறு வருஷக் குடித்தனத்தை நீயே வச்சுக்க. போற வழியில பாதிரியார் காதுலயும் ஒரு வார்த்தை போட்டுட்டுத்தான் போவேன்."

"உக்காரு," என்றாள் லவீனா. "ஒரு குடும்பம் உடையிறதுக்குப் பதிலா என் சத்தியம் உடையட்டும்."

ஓர்பா உட்காரவில்லை.

"உள்ள வர்றப்போ அந்தக் கூடையில இருக்கிறது உன் ரொட்டி. வெளிய போறப்போ இருக்கிறது என் ரொட்டி. ஒரு வருஷமா கடையில விக்கிறது நான் சுட்டது."

"என்னோடது?"

"என் கோழிங்களுக்கு. அதுவும் ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டாத்தான் கொத்துது. உன் ரொட்டியக் கடிச்சு ரயில் ரோட்டு ஆளுங்க ரெண்டு பேருக்குப் பல்லு ஆடிப்போச்சு, கடைக்கே சண்டைக்கு வந்துட்டாங்க. உங்கிட்ட சொன்னா நீ மனசு உடைஞ்சுபோயிருவேன்னு அவரு எங்கிட்ட வந்து கெஞ்சினாரு."

லவீனா மூச்சு வாங்கினாள். "சர்ச் வாசல்ல ஊரே உன் கையப் பிடிச்சுப் பாராட்டுறப்போ, பின்னால நின்னு நானும் வெந்துட்டுத்தான் இருந்தேன். ஆனா அவரு உம்மேல வச்சிருக்கிற பிரியத்துக்காக வாய மூடிட்டிருந்தேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, ஓர்பா. தங்கமான மனுஷன்."

 ஓர்பா தொப்பியின் நாடாவை இறுக்கி முடிந்துகொண்டு கதவு வரைக்கும் போனாள். அங்கே திரும்பினாள். கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"அடிப்பாவி, இதுக்கு நீ எம் புருஷனையே வச்சிருந்திருக்கலாம்."