வேறென்ன?

வெள்ளவத்தைப் புடவைக்கடையில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் ஏஐக்குச் சொல்லுக்குச் சொல் டோக்கன் கணக்கில் காசு போகும். இந்த மாதம் பாதிச் செலவு ஒரே ஆளுக்குப் போயிருப்பதைக் கடையில் கணக்குப் பார்க்கும் மிதுனா கண்டுபிடித்தாள்.

“ஆருக்கோ வேணுமாம், நீலச் சேலை இருக்கோ எண்டு கேட்டவர், ஐயா. இல்லையெண்டு சொல்லியாச்சு. மூண்டு நாளா ‘வேறென்ன?’, ‘நீங்கள்தான் சொல்லோணும்’ எண்டு அவரும் எங்கட ஏஐயும் மாறிமாறி இழுத்துக்கொண்டிருக்கினம். நிப்பாட்டட்டோ?”

“நாங்கள் முதல்ல கதையை முடிக்கக்கூடாது எண்டு நான்தானே ஏஐக்குச் சொல்லிக் குடுத்தனான்,” என்றார் முதலாளி குணரத்தினம். “இந்தக் காலத்தில இவ்வளவு மரியாதையான மனுசன்! நல்ல குடும்பத்து ஆள் போல. எந்த இடமாம்?”

மிதுனா அந்தத் தொலைபேசி எண்ணைத் தேடிப் பார்த்தாள்.

“கொட்டாஞ்சேனை, ஐயா. எங்கட மற்றக் கடையின்ர ஏஐ. அதுக்கும் நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்கள். அங்கத்தைய பில்லும் வந்திருக்கு.”