வாசலில் நின்றவன்

ஐந்து நாள் சைக்கிள் பந்தயம் இன்று, அதில் ஓட்டும் அவனுடைய தெரு வழியாகப் போகிறது. உள்ளூர்க்காரன் வீட்டாரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரட்டும் என்று, பந்தய வழக்கப்படி, மற்ற ஓட்டுநர்களின் கூட்டம் வேகத்தைக் குறைத்து அவனை முன்னே விடுகிறது. தன் வீட்டு வாசலில் இறங்குகிறான். கேட்டில் பூட்டு. போன வருடம் அவனைப் பார்க்க வீட்டார் சாலையோரம் போட்டிருந்த நாற்காலிகள் சுவரில் சாய்ந்து வெயில் காய்கின்றன. எதிர்வீட்டு அக்கா தயங்கித் தயங்கி, "காலையிலயே அத்தை வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க தம்பி. போன தடவை நீ தலையக்கூடத் திருப்பாம பறந்துட்ட. இந்தத் தடவையும் நிக்க மாட்டான்னு அப்பாதான் சொன்னாரு," என்கிறாள். அம்மாவுக்கு நினைவாகக் கொடுக்க வைத்திருந்த பந்தயத் தண்ணீர் பாட்டிலைக் கேட் கம்பிகளுக்கு நடுவே செருகுகிறான். மறுபடி சைக்கிளில் ஏறுகிறான். பின்னால் சைக்கிள் சங்கிலிகளின் இரைச்சல் நெருங்கி வந்து அவனைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. "எல்லாரும் இருந்தாங்களா?" என்று கேட்கிறான் பக்கத்தில் மிதிக்கும் கூட்டாளி. "இருந்தாங்க," என்கிறான், தலையைத் திருப்பாமல்.