இன்னொரு சுற்று

முன்னால் போன பைண்டிங் அக்காவின் செருப்பு நின்றது.

மெஷின்காரர் பாய்ந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு நின்றிருக்க வேண்டும்.

அச்சகத்தில் ஐம்பது தாண்டியவர்களுக்கு மட்டும் நாற்காலிப் போட்டி. மூத்தவர்களுக்கு வேலையில் உற்சாகம் குறைந்துவிட்டதாம். புதிதாக வந்த மேனேஜர் பெண் கண்டுபிடித்திருந்தாள்.

"அங்கிள், சும்மா ஜாலிக்குத்தான். தோத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

முகத்துக்கு நேராக நின்று சொன்னதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மாட்டேன் என்றால் ஏன் என்பாள். அந்த ஏனுக்குத்தான் பயம்.

காது போய்விட்டது.

கொஞ்ச காலமாக இயந்திரம் சத்தமில்லாமல் ஓடுகிறதே, நம் பராமரிப்பு அப்படி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியும் சாந்தமானபோதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது.

உருளை சுழலுவதற்கு முன் ஒரு மணி அடிக்கும். அது கேட்காதவனை இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள். வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வருகிற போகிற வண்டியைப் பார்த்துக்கொள் என்பார்கள்.

அந்த நாற்காலிக்குப் பயந்துதான் இந்த நாற்காலிக்கு இப்படி ஓடிக்கொண்டிருந்தார்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. முன்னால் போகிற காலைப் பார்க்க வேண்டும், அது நின்றால் உட்கார வேண்டும். மற்றவர்களுக்குப் பாட்டு கேட்டது, முட்டி மடங்கவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

கட்டிங்காரர் தோற்றுப்போய் அவர் தோளில் ஓங்கித் தட்டி, காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

"யோவ், வீட்டுல பயிற்சி எடுத்துட்டு வந்தியா?"

பாதிதான் விழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்துவைத்தார்.

கடைசியில் ஒரு நாற்காலி. அவரும் பைண்டிங் அக்காவும்.

சுற்றினார்கள். அக்காவின் செருப்பு நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை.

மறுபடி சுற்றினார்கள். மேனேஜர் பெண் நீளமான பாட்டாகப் போட்டுவிட்டாள் போல. கடைசிச் சுற்று அல்லவா, போடட்டும்.

இன்னும் சுற்றினார்கள்.

ஓரக்கண்ணில் கட்டிங்காரர் தெரிந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் பெண் பாட்டுப் பெட்டியை விட்டுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது.

பாட்டு எப்போதோ நின்றுவிட்டது.

முதல்முறையாக அவர், செருப்பை விட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. கண் இரண்டும் அவருடைய காலிலேயே இருந்தன.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்துவிட்டால் ஜெயித்தது அவர்தான். எல்லோரும் அக்காவைத்தான் பார்ப்பார்கள்.

மெஷின்காரர் உட்காரவில்லை. வலதுகாலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, கல்யாண வீட்டுக் குடிகாரனைப் போல ஒரு ஆட்டம் போட்டார்.

அக்காவும் வலதுகாலைத் தூக்கினார்.

மேனேஜர் பெண் கைதட்ட ஆரம்பித்தாள்.